உருண்டை ஏன் உடையவில்லை?

ஒரு துண்டு மாட்டிறைச்சியை எந்திரத்தில் போட்டு அரைக்கிறார்கள். ஒன்றாக இருந்த தசை ஆயிரக்கணக்கான துணுக்குகளாகச் சிதறிவிடுகிறது. அந்தத் துணுக்குகளையே அள்ளி உருட்டிக் காய்ந்த எண்ணெயில் போடுகிறார்கள். எண்ணெய் சலசலக்கிறது, நீராவி சீறிக்கொண்டு வெளியே வருகிறது, கரண்டி வந்து புரட்டிப் போடுகிறது. இத்தனை நடந்தும் உருண்டை உடையவில்லை. பசை தடவவில்லை, நூல் கட்டவில்லை. அப்படியென்றால் அதைப் பிடித்து வைத்திருப்பது எது?

இந்தக் கேள்விக்கு விடை தேட மத்திய தரைக்கடலின் கிழக்குக் கரையில் உள்ள சமையலறைகளுக்குப் போகலாம். கிரேக்கத்தில் இந்த உருண்டைக்குக் கெஃப்தேதெஸ் என்று பெயர். துருக்கியில் கோஃப்தே. லெபனானில் கஃப்தா. மலையும் வறண்ட புல்வெளியுமான அந்தப் பகுதியில் செம்மறியும் வெள்ளாடும்தான் அதிகம். மாடு பெரும்பாலும் ஏர் இழுக்கும் பிராணியாகவே இருந்தது. ஆகவே பழைய முறைகளில் ஆட்டுக்கறிதான் முன்னால் நிற்கும். இன்றைக்கு மாட்டுக்கறியில் மட்டும் செய்வதும், மாட்டையும் ஆட்டையும் கலந்து செய்வதும் அங்கே சாதாரணம். உங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை என்றால் ஆட்டுக் கொத்துக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் அறிவியல் இரண்டுக்கும் பொருந்தும். தசையின் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். தேங்காய் நார்க் கயிறு ஒன்றைப் பிரித்திருக்கிறீர்களா? கயிற்றுக்குள் புரிகள் இருக்கும். புரியைப் பிரித்தால் நூல்கள், நூலைப் பிரித்தால் தனித்தனி நார்கள். தசையும் இப்படித்தான். கறித்துண்டைப் பிரித்தால் கற்றைகள். கற்றையைப் பிரித்தால் தலைமுடியை ஒத்த அல்லது அதைவிட மெல்லிய தசை இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு நீண்ட செல். அந்தச் செல்லுக்குள் இன்னும் நுண்ணிய இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை புரதத்தால் ஆனவை. முக்கியமான புரதங்கள் இரண்டு: மயோசின், ஆக்டின். இவை ஒன்றின்மீது ஒன்று வழுக்கி நகர்வதால்தான் தசை சுருங்குகிறது. மாடு காலைத் தூக்கி வைத்ததும், நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டியதும் இந்த இரண்டு புரதங்களின் வேலைதான்.

உருண்டையைப் பிடித்து வைப்பது இந்த மயோசின்தான். ஆனால் அது தானாக வேலைக்கு வராது. நுண்ணிழைக்குள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் மயோசினை வெளியே கொண்டுவர வேண்டும். வெறும் தண்ணீரில் அது கரையாது. உப்பு வேண்டும்.

இதை முதலில் காட்டியவர் சமையல்காரர் அல்லர். ஜெர்மனியைச் சேர்ந்த உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே. தவளையின் தசையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, அதிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1864இல் அதற்கு மயோசின் என்று பெயர் வைத்தார். பாட்டிகள் பல நூற்றாண்டுகளாகக் கொத்துக்கறியில் உப்புப் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். கூனே தன் ஆய்வுக்கூடத்தில் செய்ததும் அதையேதான். பாட்டியின் கையில் ஒட்டியதற்கு அவர் ஒரு பெயர் கொடுத்தார், அவ்வளவே. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

உப்பு என்ன செய்கிறது? உப்பு நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு என்று மின்னூட்டம் கொண்ட இரு துகள்களாகப் பிரிகிறது. குளோரைடு துகள்கள் தசையின் நுண்ணிழைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒரே வகை மின்னூட்டம் சேரச்சேர இழைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இடைவெளி பெரிதாகிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து தங்குகிறது. மயோசினும் கட்டு தளர்ந்து வெளியே கரைந்து வருகிறது. துணுக்குகளின் மேற்பரப்பில் பிசுபிசுப்பான ஒரு பூச்சு உண்டாகிறது. பிசையும்போது இந்தப் பூச்சுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன.

பிறகு சூடு வருகிறது. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மயோசினின் மடிப்புகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பவற்றோடு பின்னிக்கொண்டு ஒரு வலைப்பின்னலாக இறுகுகின்றன. அந்தப் பின்னலுக்குள் தண்ணீரும் கொழுப்பும் மாட்டிக்கொள்கின்றன. உடையாத உருண்டையின் ரகசியம் இதுதான்.

நம்பிக்கை வரவில்லையா? செய்து பாருங்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுக் கொஞ்சம் கொத்துக்கறி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கிண்ணங்களில் பாதிப்பாதியாகப் பிரியுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரம், ஒரே வேகத்தில் பிசையுங்கள். மூன்று நான்கு நிமிடங்களில் வித்தியாசம் கையில் தெரியும். உப்புப் போடாதது ஈரமான துணுக்குகளாகவே கிடக்கும். உப்புப் போட்டது மெல்ல நிறம் வெளுத்து, பிசினாகி, விரல்களுக்கிடையில் இழுபடும். அதில் ஒரு பிடியை உள்ளங்கையில் தட்டையாகத் தட்டி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். அது தொங்கிக்கொண்டு நிற்கும், விழாது. கோஃப்தே செய்கிறவர்கள் பதம் பார்ப்பதற்கு இந்தச் சோதனையைத்தான் செய்வார்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். பச்சைக் கறியை ருசி பார்க்கக் கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அளவும் சொல்லிவிடுகிறேன். 500 கிராம் கொத்துக்கறிக்கு ஏழு அல்லது எட்டு கிராம் தூளுப்பு போதும். சமமாக வழித்த ஒரு தேக்கரண்டியும் இன்னொரு கால் தேக்கரண்டியும் என்று வைத்துக்கொள்ளலாம். கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாக இருந்தால் நல்லது. சுத்தமான கொழுப்பற்ற கறிதான் உயர்ந்தது என்று நினைத்து அதை வாங்கினால் உருண்டை வறண்டுபோகும்.

சரி, உப்புப் போட்டு அரை மணி நேரம் பிசைந்தால் உருண்டை இன்னும் உறுதியாக இருக்குமே, அப்படியே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் கடித்தால் ரப்பர். மயோசின் வலை இறுக இறுக, கறி தொத்திறைச்சி மாதிரி ஆகிவிடும். நெருப்பின் மேல் கம்பியில் குத்திச் சுடும் வகைக்கு அந்த உறுதி ஓரளவு தேவைதான். இல்லையென்றால் கறி வழுக்கித் தணலில் விழுந்துவிடும். ஆகவே துருக்கியில் தணலில் சுடும் கோஃப்தேயை நன்றாகப் பிசைந்து, சில மணி நேரம் குளிரில் வைத்து எடுப்பார்கள். கிரேக்கத்துக் கெஃப்தேதெஸுக்கு வேண்டியது வேறு. அது வாயில் வைத்ததும் மெத்தென்று உதிர வேண்டும். உடையவும் கூடாது, ரப்பராகவும் கூடாது. இதற்கு அந்த ஊர்ப் பாட்டிகள் கண்டுபிடித்த வழி, பழைய ரொட்டி.

நேற்றைய ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு, நடுப்பகுதியைத் தண்ணீரிலோ பாலிலோ ஊறவைத்து, பிழிந்து, உதிர்த்துக் கறியில் சேர்ப்பார்கள். 500 கிராம் கறிக்கு இரண்டு துண்டு ரொட்டி. செலவைக் குறைக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஏழை வீடுகளில் அந்தக் காரணமும் இருந்திருக்கும். ஆனால் ரொட்டி செய்யும் வேலை அதைவிடப் பெரிது. ரொட்டி சுடப்பட்டபோதே அதன் மாவுச்சத்து வெந்துவிட்டது. வெந்த மாவுச்சத்து தண்ணீரை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். கறி சூடாகும்போது புரதங்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்தச் சாற்றில் ஒரு பகுதியை ரொட்டி பிடித்துக்கொள்கிறது. அதோடு, ரொட்டித் துகள்கள் கறித் துணுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, மயோசின் வலை தொடர்ச்சியாக இறுகிப்போகாமல் அங்கங்கே தடுக்கின்றன. அந்த இடைவெளிகள்தான் நம் பல்லுக்கு மென்மையாகத் தெரிகின்றன.

நம் செட்டிநாட்டுக் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு சேர்க்கிறார்களே, அதன் வேலையும் இதேதான். வறுத்த கடலையின் மாவுச்சத்தும் புரதமும் கறியின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. இரண்டு சமையலறைகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ரொட்டியோடு ஒரு முட்டையும் உண்டு. முட்டைப் புரதமும் சூட்டில் இறுகிப் பிடிப்புக் கொடுக்கும். நன்றாகப் பிசைந்த கறிக்கு முட்டை கட்டாயமில்லை. ரொட்டி அதிகம் சேர்த்த மென்மையான கலவைக்குத்தான் அதன் துணை வேண்டும். துருக்கியில் பல வகைக் கோஃப்தேகளில் முட்டையே இருக்காது.

அடுத்து வெங்காயம். அங்கே வெங்காயத்தை நறுக்குவதைவிடத் துருவிச் சேர்ப்பதுதான் வழக்கம். துருவினால் கண் இன்னும் அதிகமாக எரியும். வெங்காயச் செல்லுக்குள் கந்தகம் கலந்த ஒரு பொருளும், அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி பட்டால் சில செல்கள் உடையும். துருவியில் தேய்த்தால் ஏராளமான செல்கள் உடையும். உடைந்ததும் இரண்டும் கலந்து வேதிவினை தொடங்குகிறது. கண்ணை எரிக்கும் ஆவி கிளம்புகிறது. ஒரே நொதிதான் இந்த வேலை முழுவதையும் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கண்ணீர் ஆவியை உண்டாக்க இன்னொரு நொதி தனியாக இருக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். தினமும் நாம் கையில் பிடிக்கும் வெங்காயத்திலேயே இவ்வளவு நாள் ஒளிந்திருந்திருக்கிறது! வெங்காயத்தைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் துருவினால் எரிச்சல் குறையும். குளிரில் நொதி மெதுவாக வேலை செய்யும், ஆவியும் குறைவாகக் கிளம்பும்.

துருவிய வெங்காயத்தின் சாற்றைப் பலர் பிழிந்துவிடுகிறார்கள். தணலில் சுடும் கறிக்கு அது சரி. சாறு மிகுந்தால் கலவை தளர்ந்துவிடும். ரொட்டி சேர்த்த கலவைக்குப் பிழியத் தேவையில்லை. அந்தச் சாற்றையும் ரொட்டியே குடித்துக்கொள்ளும்.

இத்தோடு இரண்டு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகத்தூள், மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய ஒரு கைப்பிடி பார்ஸ்லி, கொஞ்சம் புதினா, உலர்ந்த ஓரிகானோ ஒரு தேக்கரண்டி. பார்ஸ்லி பார்வைக்குக் கொத்தமல்லி போலவே இருக்கும், வாசனை வேறு. கலந்து முடித்ததும் கிண்ணத்தை மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த ஓய்வு நேரத்தில் உப்பு உள்ளே பரவும். கொழுப்பும் கெட்டியாகும். மாட்டுக் கொழுப்பு கை சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். இளகிய கொழுப்பு கறித் துணுக்குகளின்மேல் பூசிக்கொண்டால் மயோசின்கள் ஒன்றையொன்று தொட முடியாது, பிடிப்புக் கிடைக்காது. உருட்டும்போது கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

உருட்டுவதற்கு வந்துவிட்டோம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது.

சிசிலித் தீவில் சிரக்யூஸ் என்ற ஊர் இருக்கிறது. அதுவும் மத்திய தரைக்கடல் ஊர்தான். ஆர்க்கிமிடீஸ் பிறந்து வாழ்ந்த இடம். கோளத்தின் கன அளவையும் மேற்பரப்பையும் முதன்முதலாகக் கணக்கிட்டுச் சொன்னவர் அவர். ஒரு கோளம் சரியாகப் பொருந்தும் உருளையை எடுத்துக்கொண்டால், கன அளவிலும் மேற்பரப்பிலும் கோளம் அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கு அத்தனை பெருமை. தன் கல்லறையில் கோளமும் உருளையும் செதுக்க வேண்டும் என்று விரும்பினார். அவர் இறந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆனபின், கி.மு. 75இல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த ரோமானியர் சிசரோ, முட்புதர்களுக்குள் மறைந்து கிடந்த அந்தக் கல்லறையை அந்தச் செதுக்கலை வைத்தே அடையாளம் கண்டார்.

நாம் இப்போது கோளத்தைக் கறியில் செய்யப் போகிறோம். 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டையின் மேற்பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். அதே உருண்டையை ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டினால் மேற்பரப்பு ஏறக்குறைய 70 சதுர சென்டிமீட்டராகிவிடும். கறியின் அளவு மாறவில்லை, வடிவம் மட்டும்தான் மாறியது. எந்தப் பொருளும் கோளமாக இருக்கும்போதுதான் அதன் மேற்பரப்பு மிகக் குறைவு.

இதனால் என்ன? இரண்டு விஷயங்கள். முதலாவது, முழு உருண்டை சட்டியில் ஒரு சிறு புள்ளியில் மட்டுமே தொட்டு நிற்கும். தட்டியது முழுப் பரப்பிலும் படியும். இரண்டாவது, உருண்டையின் நடுப்புள்ளி வெளிப்பரப்பிலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. தட்டியதில் முக்கால் சென்டிமீட்டர்தான். கறிக்குள் சூடு மிக மெதுவாகவே பரவும். ஒரே வடிவத்தில் குறுக்களவு இரண்டு மடங்கானால், நடுப்பகுதி வேக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். 3 சென்டிமீட்டர் உருண்டையையும் 6 சென்டிமீட்டர் உருண்டையையும் ஒன்றாகப் போட்டால் சின்னது கருகும்போது பெரியதன் நடு பச்சையாகவே இருக்கும். எல்லா உருண்டைகளையும் ஒரே அளவாகப் பிடிக்கச் சொல்வதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அடுப்பில் சுடும் கோஃப்தேகள் பெரும்பாலும் தட்டையாகவோ விரல் போல நீளமாகவோ இருக்கின்றன. யுவர்லாக்கியா என்று கிரேக்கத்தில் ஒரு சூப் உண்டு. அரிசி கலந்த கறி உருண்டைகளைக் கொதிநீரில் வேகவைத்து, எலுமிச்சையும் முட்டையும் அடித்து ஊற்றுவார்கள். அதில் உருண்டைகள் நல்ல வட்டமாக இருக்கும். கொதிநீர் எல்லாப் பக்கமும் சூழ்ந்து சூடு கொடுப்பதால் அங்கே வட்ட வடிவத்தால் தொல்லையில்லை. மேற்பரப்புக் குறைவு என்பதால் சாறும் குறைவாகவே வெளியேறும்.

இப்போது பெரியவர் ஒருவரை அடுப்புக்கு அழையுங்கள். இனி வருவது சூடான எண்ணெய்.

கெஃப்தேதெஸைப் பொரிக்கும் முன் கோதுமை மாவில் லேசாகப் புரட்டி, அதிகப்படி மாவை உதறிவிடுவார்கள். கறியின் மேலிருக்கும் ஈரத்தை மாவு உறிஞ்சிக்கொள்கிறது. இது ஏன் முக்கியம்? மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு நெருப்புக் கொடுத்தாலும் அத்தனையும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். கறி பழுப்பாக மாறி மணம் வர ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். சட்டி நிறைய உருண்டைகளை அடைத்தால் எல்லாவற்றிலிருந்தும் வரும் நீராவி வெளியேற வழியில்லாமல் நிற்கும். கறி வறுபடாது, அவியும். சாம்பல் நிறத்தில் சோகையாக வந்து நிற்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

அந்தப் பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வேதிவினைக்கு மையார் வினை என்று பெயர். லூயி கமீ மையார் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர். அவருக்குச் சமையலில் ஆராய்ச்சி இல்லை. உயிர்களின் உடலில் புரதம் எப்படி உருவாகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்களைச் சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கியபோது கலவை பழுப்பாகியது. இதை 1912இல் எழுதினார். முதல் உலகப் போருக்குப் பின் அல்ஜியர்ஸ் நகரத்துக்குப் பேராசிரியராகப் போனார். அல்ஜியர்ஸும் மத்திய தரைக்கடல் கரைதான். அந்த நகரத் தெருக்களில் தணலில் சுட்ட கறியின் மணத்தை அவர் கடந்து போகாமல் இருந்திருக்க முடியாது. ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, முறுகலான தோசை, வறுத்த கறி எல்லாவற்றிலும் நடப்பது இந்த வினைதான். ஒன்றிரண்டு பொருள்கள் மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் அதில் பிறக்கின்றன.

காரத்தன்மை கூடினால் மையார் வினை வேகமாகும். துருக்கியின் புர்சா மாகாணத்தில் இனெகோல் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கோஃப்தேயில் நறுமணப் பொடிகள் எதுவும் பெரிதாக இருக்காது. கறி, வெங்காயம், உப்பு, அதோடு சமையல் சோடா. நம் ஊரில் ஆப்ப சோடா என்கிறோமே, அதுதான். சோடாவின் காரத்தன்மையால் கறிப் புரதங்கள் ஒன்றையொன்று தள்ளி, இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. வெளியே சீக்கிரம் சிவக்கும், உள்ளே சாறு நிற்கும். 500 கிராமுக்குக் கால் தேக்கரண்டி போதும். கூடினால் சோப்புச் சுவை வந்துவிடும்.

பச்சைக் கறியை ருசி பார்க்கக் கூடாது என்றேனே, அதற்கு வருகிறேன். முழுக் கறித்துண்டில் பாக்டீரியாக்கள் இருந்தால் பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான் இருக்கும். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கறிக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் ஆயிரம் கட்டிகள், மொத்த மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். பத்து மடங்கு! கொத்துக்கறியின் துணுக்குகள் அதைவிடச் சிறியவை. வெளியே இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே எங்கும் கலந்துவிடும். முழுத்துண்டை வெளியே மட்டும் சுட்டு, நடுவில் சிவப்பாக விட்டுச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. கொத்துக்கறியில் அது ஆபத்து. நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் உருண்டையின் நடுவில் குத்திப் பாருங்கள். உள்ளே நிறம் மாறிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கறிக்குச் சிவப்பு கொடுப்பது மயோகுளோபின் என்ற புரதம். அது சில வேளைகளில் போதுமான சூடு வரும் முன்பே பழுப்பாகிவிடும், சில வேளைகளில் நன்றாக வெந்த பின்னும் இளஞ்சிவப்பாக நிற்கும்.

பொரித்த கெஃப்தேதெஸை எலுமிச்சை பிழிந்து, தயிரில் வெள்ளரியும் பூண்டும் கலந்த பச்சடியோடு சாப்பிடலாம். இன்னொரு வகையும் இருக்கிறது. அதன் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஏஜியன் கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம் இஸ்மிர். அதன் பழைய பெயர் ஸ்மிர்னா. கிரேக்கர்களும் துருக்கியர்களும் இன்னும் பல மக்களும் சேர்ந்து வாழ்ந்த நகரம். 1922 செப்டம்பரில், போரின் முடிவில், அந்த நகரத்தின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. அடுத்த ஆண்டு இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. துருக்கிப் பகுதியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக நேர்ந்தது. உங்கள் வயதுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டுப் போனவர்களால் சமைக்கும் முறையை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. கிரேக்கத்தில் இன்று ஸ்மிர்னா சுட்சுகாக்கியா என்று ஒரு பண்டம் இருக்கிறது. சீரகமும் பூண்டும் போட்ட விரல் வடிவக் கறி, தக்காளிச் சாற்றில் வேகும். எதிர்க்கரையில் இஸ்மிர் கோஃப்தே இருக்கிறது. அதுவும் விரல் வடிவம், அதுவும் சீரகம், அதுவும் தக்காளி. கூடவே உருளைக்கிழங்கும் பச்சைக் குடைமிளகாயும். இரண்டு கரைகளிலும் அதை ஸ்மிர்னாவின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இதைச் செய்ய, கறியை விரல் போல உருட்டி முதலில் எண்ணெயில் சிவக்க வறுக்க வேண்டும். உள்ளே முழுதாக வேக வேண்டியதில்லை. பிறகு தக்காளிச் சாற்றில் போட்டு, மெல்லிய தீயில் அரை மணி நேரம் கொதிக்க விட வேண்டும். ஏன் நேராகச் சாற்றில் போடக் கூடாது? சாற்றில் 100 டிகிரிக்கு மேல் சூடு ஏறாது, ஆகவே மையார் வினைக்கு அங்கே வாய்ப்பு மிகக் குறைவு. அந்த மணத்தை எண்ணெயிலேயே உண்டாக்கிக்கொண்டு போனால், பழுப்பு மேலோட்டின் சுவை சாற்றிலும் கரைந்து இறங்கும். வறுத்த சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புத் துகள்களையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சாற்றோடு சேருங்கள். அதை வீணாக்குவது பெரிய தவறு.

கடைசியாக ஒன்று. கெஃப்தேதெஸை மறுநாள் ஆறியபடியே சாப்பிடும் வழக்கமும் அங்கே உண்டு. வெந்த கறியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் சூடாக்கினால் ஒரு பழைய வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? சமைக்கும்போது மயோகுளோபினில் இருந்த இரும்பு விடுபட்டு, கொழுப்பு ஆக்சிஜனோடு வினைபுரிவதை வேகப்படுத்துகிறது. அந்த வாடை அதிலிருந்து வருகிறது. ஓரிகானோவிலும் புதினாவிலும் இந்த வினையைத் தாமதப்படுத்தும் பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் நம் துளசியின் குடும்பத்துச் செடிகள்.

இதையும் நீங்களே சோதிக்கலாம். கலவையைப் பிசையும்போது ஒரு சிறு பங்கை மட்டும் தழைகள் சேர்க்காமல் தனியே எடுத்து உருட்டுங்கள். அடையாளம் தெரிய அதைச் சற்று நீளமாகப் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகவே பொரித்து, ஆறியதும் வெவ்வேறு மூடிய டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நன்றாகச் சூடாக்கி, எது எந்த டப்பா என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதை உங்கள் நோட்டில் எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள்.